துரும்பும் வட்டிலும்: செஞ்சிச் சாலையில் பொழுது அறிதல்

திண்டிவனத்தில் புறப்படும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை செஞ்சிக் கோட்டையின் மலைகளுக்கு இடையே நுழைந்து, திருவண்ணாமலையைத் தொட்டு, செங்கத்தைக் கடந்து மேற்கே போகிறது. கார்த்திகை தீபத்துக்கு நடந்தே போகிறவர்களின் கால்களுக்கு இந்தச் சாலை நன்றாகத் தெரியும். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று நிதானமாக நடந்தால் பத்து மணி நேரம் ஆகும். பழைய கணக்கில் 25 நாழிகை. மார்கழியை ஒட்டிய நாள்களில் செஞ்சியில் பகல்பொழுது மொத்தமே இருபத்தெட்டரை நாழிகைதான். சாப்பிட, உட்கார, காலைக் கழுவி நீட்டிக்கொள்ள மிஞ்சுவது மூன்றரை நாழிகை. இவ்வளவு இறுக்கமான கணக்கில் நடக்கிறவர் பொழுதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

பொழுதைப் பார்க்கப் பழந்தமிழரிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வழியோரம் கிடக்கும் துரும்பு. மற்றொன்று நாழிகை வட்டில். ஒன்றுக்கு விலையே இல்லை. மற்றதற்குச் செம்பும் கன்னாரும் கணக்கரும் வேண்டும். ஒன்று வெயிலில் மட்டும் பேசும். மற்றது நள்ளிரவிலும் பேசும். இவ்வளவு எதிரெதிரானவை எங்கே பிரிகின்றன, எங்கே நாம் எதிர்பாராத இடத்தில் உறவாகின்றன என்று பார்ப்பதற்குச் செஞ்சியைப் போல வசதியான ஊர் வேறில்லை. நடப்பவர்களின் சாலையும், இருந்து காப்பவர்களின் கோட்டையும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

துரும்பின் முறை கிராமத்துப் பெரியவர்கள் பாட்டாகவே சொல்லி வந்தது. பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பைக் கிள்ளிக்கொள்ள வேண்டும். அதை மடித்து, ஒரு பகுதியை நிலத்தில் கிடத்தி மறு பகுதியை நிமிர்த்தி, நிற்பதன் நிழல் கிடப்பதன் முனையைத் தொடும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். நிற்பது எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. முற்பகலில் அது விடிந்து கழிந்த பொழுது. உச்சி சாய்ந்த பிறகு அது அடைவதற்கு மீதி இருக்கும் பொழுது. வட்டிலோ அடியில் நுண்துளை இட்ட செம்புக் கிண்ணம். நீர்த்தொட்டியில் மிதக்க விட்டால் மெல்ல நிரம்பி, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், மூழ்கும். நல்ல வட்டில் ஒரு பகலிரவில் அறுபது முறை மூழ்கும் என்பது சூரிய சித்தாந்தம் தரும் இலக்கணம்.

பத்துப்பாட்டில் இந்த இரண்டு உலகங்களும் தனித்தனியே பதிவாகியிருக்கின்றன. முல்லைப்பாட்டில் காட்டுக்குள் அரசன் பாசறை அமைத்திருக்கிறான். இரவில் அவனிடம் சென்று, நீர்க்கன்னல் என்ற நாழிகை வட்டில் காட்டிய நாழிகையை அறிவிக்கும் கணக்கர்கள் அங்கே வருகிறார்கள். படை நெடுந்தூரம் நடந்து வந்த படைதான். ஆனாலும் கூடாரம் அடித்த பிறகே நாழிகை அறிவிக்கப்படுகிறது. ததும்பும் நீரில் கிண்ணம் நேராக மூழ்காது. ஆகவே வட்டில் எவ்வளவு தூரம் பயணம் செய்தாலும், பேசுவது என்னவோ தங்கிய இடத்தில்தான்.

மலைபடுகடாம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. நன்னன் என்னும் மன்னனைக் காணப் போகும் கூத்தருக்கு, அங்கிருந்து திரும்பி வரும் இன்னொரு கூத்தன் வழி சொல்கிறான். அவர்கள் போய்ச் சேர வேண்டிய செங்கண்மா, நம் சாலையில் திருவண்ணாமலைக்கு மேற்கே இருக்கும் இன்றைய செங்கம். அந்த வழிகாட்டலில் பொழுது ஒளியைக் கொண்டு சொல்லப்படுகிறது. அந்தி சாய்ந்ததும் நடையை நிறுத்தி, கற்குகைக்குள் உங்கள் வீட்டுக்குள் புகுவது போலப் புகுந்து தங்குங்கள், வானம் வெளுத்ததும் எழுந்து போங்கள் என்கிறான். பாசறை அரசனுக்கு இரவில் எத்தனை நாழிகை போயிற்று என்பது வேண்டியிருக்கிறது. கூத்தருக்கு வெளிச்சம் இன்னும் எவ்வளவு நிற்கும் என்பதுதான் உயிர்க்கேள்வி.

இந்தக் கேள்விகளின் வேறுபாடு கருவிகளிலேயே பதிந்திருக்கிறது. வட்டில் மூழ்கும்போது ஒரு நாழிகை கழிந்தது என்று சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. எத்தனையாவது மூழ்கல் என்பதை ஒருவர் விழித்திருந்து எண்ண வேண்டும். எண்ணுகிறவர் கண்ணயர்ந்தால் கணக்கு போயிற்று. துரும்புக்கு எண்ணிக்கையே தேவையில்லை. நாள் முழுக்க அதைப் பார்க்காமல் நடந்துவிட்டு, நான்கு மணி வாக்கில் ஒரு முறை மடித்துப் பார்த்தாலும் அது அன்றைய நிலவரத்தை முழுதாகச் சொல்லிவிடும். அதோடு, உச்சி தாண்டியதும் கழிந்ததைச் சொல்வதை விட்டு மீதியைச் சொல்லத் தொடங்குவது அதன் சிறப்பு. நடப்பவனின் கவலை எப்போது திசை மாறுகிறதோ அப்போதே கருவியின் பேச்சும் மாறுகிறது.

உறவு எங்கே என்றால், முதலில் விரலில் இருக்கிறது. லல்லர் முதலான வானியலார் வட்டிலுக்குத் தந்த அளவு, ஆறு விரல் உயரமும் பன்னிரண்டு விரல் வாயும் உள்ள அரைக்கோளம். துளைக்கும் நான்கு விரல் நீளப் பொன் ஊசிதான் அளவு. துரும்பும் விரலில், வட்டிலும் விரலில். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஒரு வேறுபாடு தெரிகிறது. குழந்தை தன் விரலால் பதினாறு அளந்தாலும் பெரியவர் தன் விரலால் அளந்தாலும் துரும்பு ஒரே விடையைத் தரும். அது விகிதத்தில் மட்டும் வேலை செய்வது. வட்டிலில் விரல் சற்றுப் பெருத்தாலும் நாழிகை நீண்டுவிடும். 12-ஆம் நூற்றாண்டின் பாஸ்கரர் இதைக் கண்டுகொண்டார். கிண்ணத்துக்கு அளவு விதிப்பதை அவர் ஏற்கவில்லை. கிடைத்த கிண்ணத்தை மிதக்க விட்டு, ஒரு பகலிரவில் எத்தனை முறை மூழ்குகிறது என்று எண்ணி, அதிலிருந்து ஒரு மூழ்கலின் காலத்தைப் பெறுங்கள் என்பது அவர் வழி. அப்படியானால் வட்டிலுக்கும் ஆசான் சூரியன்தான். விடியலில் தொடங்கி விடியலில் சரிபார்க்காத வட்டில் நாளடைவில் விலகிப் போகும். துளையில் தூசு அடைந்தால் நாழிகை நீளும்; நீர் சூடேறினால் குறையும்.

துரும்பு விலகாதா என்றால், அதுவும் விலகும், நன்றாகவே விலகும். செஞ்சி வடக்கே பன்னிரண்டே கால் பாகையில் இருக்கிறது. சித்திரையின் முற்பாதியில் ஒரு நாளும் ஆவணித் தொடக்கத்தை ஒட்டி ஒரு நாளும் உச்சியில் அங்கே நிழலே விழாது. அன்று துரும்பு முழுவதும் நிமிர்ந்து பதினாறு காட்டும். பங்குனியிலும் புரட்டாசியிலும் பகலிரவு ஒத்த நாள்களில் உச்சியில் அது காட்டுவது பதின்மூன்று. மார்கழி முதல் வாரத்திலோ ஒன்பதே கால்தான். உண்மையில் உச்சிக்கும் அந்திக்கும் இடையே அப்போது பதினான்கே கால் நாழிகை இருக்கும். ஐந்து நாழிகைத் தவறு என்றால் இரண்டு மணி நேரம். இதைப் பார்த்ததும் துரும்பைத் தூக்கி எறியத் தோன்றும்.

எறிவதற்கு முன் மாலைக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நியாயம். அங்கேதான் இந்த ஒப்பீட்டின் பெரிய வியப்பு இருக்கிறது. பகலிரவு ஒத்த நாளில் துரும்பு நான்கு விரல் காட்டும்போது சூரியன் மறைய 75 நிமிடம் இருக்கும். ஆனியில் அதே நான்கு விரலுக்கு ஏறத்தாழ 80 நிமிடம். மார்கழியில் 85 நிமிடம். உச்சியில் பருவத்துக்குப் பருவம் இரண்டு மணி நேரம் தடுமாறிய அதே துரும்பு, மாலையில் ஆண்டு முழுவதும் பத்து நிமிடத்துக்குள் நிற்கிறது. நான்கு நாழிகை என்பது 96 நிமிடம். ஆகவே துரும்பு பத்து முதல் இருபது நிமிடம் அதிகமாகச் சொல்கிறது என்று குறை சொல்லலாம். அந்த இருபது நிமிடம் எது என்று யோசித்தால் குறை போய்விடுகிறது. சூரியன் மறைந்த பிறகும் செஞ்சியில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வழி தெரியும் அளவுக்கு வெளிச்சம் நிற்கும். துரும்பு சொல்வது சூரியன் மறைவதற்கான கணக்கு என்று கொண்டால் பிழை. கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கான கணக்கு என்று கொண்டால் ஏறக்குறைய சரி.

யாராவது இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் பதினாறு என்று வைத்தார்களா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல தலைமுறை நடந்தவர்களின் கைக்கு ஒத்துவந்ததால் இந்த எண் நின்றிருக்க வேண்டும். நண்பகலில் நடப்பவனுக்குத் துல்லியம் தேவையில்லை. உச்சிப்பொழுதை அவன் தன் காலடி நிழலிலேயே காண்கிறான். மார்கழி உச்சியில் துரும்பு குறைத்துச் சொல்லுகிறது என்றால், அந்தப் பிழையும் அவனை விரைந்து நடக்கத்தான் வைக்கும். தேவையில்லாத வேளையில் தவறி, தேவையான வேளையில் சரியாக நிற்பது ஒரு கருவிக்குப் பெருமைதான்.

வட்டிலின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை சுல்ஃபிகார் கான் தலைமையில் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. 1689-இல் மாறுவேடத்தில் தக்காணத்தைக் கடந்து இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்த மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருந்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில்களில் இரவுக் காவல் என்றால், ஒருவர் எழும் நேரமும் இன்னொருவர் படுக்கும் நேரமும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏழரை நாழிகை கொண்ட யாமம் அந்தத் தேவைக்கு உரிய அளவு. ஒருவன் கையிலிருக்கும் துரும்பு அவனுக்கு மட்டும்தான் பொழுது சொல்லும். வட்டிலின் நாழிகையை முரசிலோ சேகண்டியிலோ தட்டினால் ஊரே கேட்கும். சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் மாந்தரிடையே நாழிகைக் கணக்கரும் இடம்பெறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பலர் கூடி வாழும் இடத்துக்குப் பொதுப்பொழுது வேண்டும்.

இடத்தின் அமைப்பும் துரும்புக்கு எல்லை வகுக்கிறது. ராஜகிரி ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். ஊர் அதற்குக் கிழக்கே. சூரியன் மேற்கே 22 பாகை உயரத்தில் இருக்கும்போதே மலையின் நிழல் 600 மீட்டர் தூரத்துக்கு நீண்டுவிடும். அஸ்தமனத்துக்கு அப்போது இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். அந்த நிழலுக்குள் நிற்பவருக்குத் துரும்பு உயிரற்ற புல். வட்டிலுக்கோ மலை நிழலும் ஒன்றுதான், மழை மூட்டமும் ஒன்றுதான். கார்த்திகை மாதத்து வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் வெயில் முகம் காட்டாவிட்டால், துரும்பை நம்பி நடப்பவர் வயிற்றையும் கால்வலியையும் நம்பித்தான் நடக்க வேண்டும்.

இரவு வட்டிலுக்கே உரியது என்று சொல்லி முடிக்கப் பார்த்தால், பௌர்ணமி குறுக்கே வருகிறது. முழுநிலா சூரியன் மறையும் வேளையில் எழுந்து, நள்ளிரவில் உச்சிக்கு வந்து, விடியும் வேளையில் மறைகிறது. நிழலும் தெளிவாக விழுகிறது. ஆகவே அதே துரும்பு பௌர்ணமி இரவில் இரவு நாழிகையைக் காட்டும். கார்த்திகை, மார்கழி முழுநிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக வானத்தில் உயரமாகச் செல்வதால், அந்த மாதங்களில் துரும்பு பகலைவிட இரவில் சரியாகச் சொல்லும் என்பது இன்னொரு வியப்பு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் விரும்பினால் இதைச் சோதிக்கலாம், தெருவிளக்கு இல்லாத ஓர் ஓரமாகப் பார்த்துக்கொண்டால். செஞ்சிக்கு அருகே மேல்மலையனூருக்கு அமாவாசை இரவில் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த இருட்டில் விண்மீன்களோ வட்டிலோதான் கதி.

இரண்டும் முழுமையாகக் கைகோத்த இடம் ஒன்று உண்டு. அது தூரத்தின் அளவு. சென்னை மாகாணத்து அளவைப் பட்டியல்களில் நாழிகை வழி என்று ஓர் அளவு இருந்தது. ஒரு நாழிகையில் நடக்கும் தூரம் அது, ஒன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவு. ஏழு நாழிகை வழி சேர்ந்தால் ஒரு காதம், சுமார் 10 மைல். இந்தக் கணக்கில் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை இரண்டரைக் காதம், பதினேழரை நாழிகை வழி. உட்கார்ந்த இடத்தில் வட்டில் அளந்த நாழிகை, நடப்பவனின் காலுக்கு அளவுகோலாகிவிட்டது. வேகத்தைக் கவனித்தால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஓலை கொண்டு போகும் ஆளுக்கு அது பொருந்தும். குழந்தையும் மூட்டையுமாகப் போகும் குடும்பத்துக்குப் பொருந்தாது. அவர்கள் ஒவ்வொரு நாழிகை வழிக்கும் ஒன்றரை நாழிகை ஒதுக்குவதே சரி.

இன்று நடப்பவர் கையில் இருக்கும் மொபைல் வட்டிலின் வழித்தோன்றல் என்றே சொல்லத் தோன்றுகிறது. அதன் பொழுதும் ஓரிடத்தில் அளந்து எல்லாருக்கும் அறிவிக்கப்படும் பொதுப்பொழுதுதான். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. செஞ்சி அதற்கு மேற்கே மூன்று பாகை தள்ளி இருப்பதால், மொபைல் பன்னிரண்டு என்னும்போது செஞ்சியின் உச்சிப்பொழுதுக்குச் சராசரியாக இன்னும் 12 நிமிடம், அதாவது அரை நாழிகை, பாக்கி இருக்கிறது. பேருந்தைப் பிடிக்கவும் கோட்டை வாயில் அடைக்கும் முன் இறங்கவும் மொபைல்தான் வேண்டும். அங்கே துரும்புக்கு வேலை இல்லை. ஆனால் மொபைல் மணி 4.50 என்று காட்டும்போது, இன்று வெளிச்சம் எவ்வளவு மீதி என்ற கேள்விக்கு அந்த எண் நேரடியாக விடை சொல்வதில்லை. ஆனிக்கும் மார்கழிக்கும் விடை வேறு. அன்றைய அஸ்தமன நேரத்தைத் தனியே தேடிக் கழித்துப் பார்க்க வேண்டும். துரும்பு அந்தக் கழித்தலை முன்னமே செய்து வைத்திருக்கிறது.

ஆகவே நீண்ட நடைக்கு எது உகந்தது என்று என்னைக் கேட்டால், பகல் நடைக்குத் துரும்பு, தங்கும் இடத்துக்கு வட்டில் என்பேன். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும் என்றால் துரும்புக்கே என் வாக்கு. வழியில் தொலைந்தாலும் அடுத்த வரப்பில் இன்னொன்று கிடைக்கும்.

நடக்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையேற்றப் பயிற்சிகளில் இப்போது பரவியிருக்கும் மேலைநாட்டு முறை ஒன்று உண்டு. கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே விரல்களை அடுக்கி, விரலுக்குக் கால் மணி நேரம், நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம் என்று எண்ணுவது. சூரியன் சாய்வாக இறங்கும் குளிர்நாடுகளில் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். செஞ்சியில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. நீட்டிய கையின் நான்கு விரல்கள் மறைப்பது ஏறக்குறைய 8 பாகை. அதற்கு இங்கே சுமார் 35 நிமிடம்தான் ஆகும். அந்த முறையில் எண்ணுகிறவர்கள் நம் ஊரில் வந்த விடையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பதினாறு விரற்கடைத் துரும்பில் நான்கு விரல் கண்டால், தங்க இடம் பார்க்க உங்களுக்கு முழுதாக ஒரு மணி நேரம் இருக்கிறது.